போம்பல் சாப்பிட்டானா?

"அடியில கைய விட்டுடாதம்மா, கடிச்சு வெச்சிடுவான்!" என்று கனிகா கட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

பர்ணா கையை இழுத்துக்கொண்டாள். நாய், பூனைகளின் மனசுக்கு வைத்தியம் பார்ப்பவள் அவள். கொல்கத்தாவில், பேஹாலாவின் இந்தக் குறுக்குச் சந்துக்கு அவளை அனுப்பியது டொரன்டோவில் இருக்கும் கனிகாவின் மகன் புபாய். துர்கா பூஜை முடிந்ததிலிருந்து நாய் போம்பல் பகலெல்லாம் கட்டிலடியை விட்டு வெளியே வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா போனில் ஒவ்வொரு தடவையும் சொல்ல, பையன் பதறிப்போய் அங்கிருந்தபடியே டாக்டருக்கு ஏற்பாடு செய்துவிட்டான்.

செங்கல் வைத்து உயர்த்திய பழைய கட்டில் அது. பூப்போட்ட விரிப்பு நாலு பக்கமும் தரையைத் தொட்டுத் தொங்கியது.

"பெல் அடிச்சப்போ குரைக்கக்கூட இல்லையே, மாஷிமா?" என்று பெரியம்மா முறை வைத்துக் கேட்டாள் பர்ணா.

"குரைச்சு நாளாச்சும்மா."

"நாள் பூரா என்ன பண்றான்? ஒண்ணு விடாம சொல்லுங்க."

கனிகா தலையணை மேல் கிடந்த மகனின் சட்டையை எடுத்து மடித்தபடியே சொன்னாள். "என்ன பண்றது? சாயங்காலமானா வாசக்கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுதான். மாடிப்படியில செருப்புச் சத்தம் கேட்டா தலையத் தூக்கறது, வேற யாரோன்னு தெரிஞ்சா மறுபடியும் படுத்துக்கறது. போன் வந்தாத்தான் ஒரு வாய் சோறு இறங்குது. வராத அன்னிக்கு அதுவும் கிடையாது."

பர்ணாவுக்கு மனசு கனத்துவிட்டது. இப்படி ஏங்கிப்போன நாய்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். "தனியா விடாதீங்க. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. தினமும் கொஞ்ச தூரம் வெளிய நடத்திக் கூட்டிட்டுப் போங்க. மருந்து ரெண்டாம் பட்சம், மாஷிமா. பக்கத்துல ஆள் வேணும், அவ்வளவுதான்."

"ஆளுக்கு எங்க போறது?" என்று முனகினார் கனிகாவின் கணவர் ஹிமாங்ஷு பாபு. வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் டீயை நீட்டியதில் பாதி தட்டில் கொட்டியது.

அப்போது சந்தில் டமாரென்று ஒரு வெடி. தீபாவளி ராத்திரிக் காளி பூஜை வருவதற்குள் தெருப் பையன்களுக்குப் பொறுக்கவில்லை, கடன்காரன்கள்! கனிகா காதைப் பொத்திக்கொண்டு வெடவெடவென்று நடுங்கினாள். கட்டில் விரிப்பு துளி அசையவில்லை. அடியிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. பயப்படக்கூடத் தெம்பில்லாமல் போயிற்றே என்று பர்ணா மனசுக்குள் அடித்துக்கொண்டாள்.

போன் அடித்தது. கனிகாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். திரையில் புபாய் தெரிந்தான்.

"சாப்பிட்டியாடா, புபாய்?"

"அதெல்லாம் அப்புறம்மா. போம்பல் சாப்பிட்டானா?"

"நாலு வாய் சாப்பிட்டான். அப்பாதான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கைய..."

"சரி, சரி. டாக்டர் வந்தாச்சா? அவங்ககிட்ட குடு."

அப்பாவின் மாவுக்கட்டு அந்த டொரன்டோ துரையின் கண்ணில் பட்டதோ இல்லையோ. நாய் விஷயத்தில் மட்டும் கேள்வி மேல் கேள்வி. தண்ணி குடிக்கிறானா, தூங்குகிறானா, தடவிக் கொடுக்க யாராவது பக்கத்தில் உட்காருகிறார்களா? பர்ணா பொறுமையாகப் பதில் சொன்னாள்.

"அம்மா சொல்றத வெச்சுப் பாத்தா, அவனுக்கு வேற வியாதி எதுவும் இருக்கற மாதிரி தெரியல. உங்களுக்காகத்தான் ஏங்கிப் போயிருக்கான். ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போங்களேன்."

"ஐயோ, இப்ப லீவே கிடையாது டாக்டர்." புபாய் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனக்காதீங்க. இப்படி ஏங்கி ஏங்கிக் கஷ்டப்படறதுக்கு, ஒரு ஊசி போட்டு ஒரேயடியாத் தூங்க வெச்சிடலாமே? அவன் படற பாட்டை என்னால தாங்க முடியல."

கனிகா பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினாள். "ஐயையோ, வேணாண்டா! காலைல மீனும் சோறும் வழிச்சுத் தின்னுட்டான்டா! வாலக்கூட ஆட்டினான்! நீ நாளைக்குப் போன் பண்ணு, நான் எப்படியாவது அவன வெளிய கூட்டிட்டு வந்து காட்டறேன்!"

"டாக்டர் நல்லாப் பாத்துட்டுச் சொல்லட்டும்மா. நாளைக்கு முடிவு பண்ணிடலாம்." வைத்துவிட்டான்.

பர்ணாவுக்கு வந்த கோபத்தில் போனையே விட்டெறிந்திருப்பாள். "ஊசியாம் ஊசி! போம்பல் மேல ஒரு ஊசி படாது, மாஷிமா. நான் பாத்துக்கறேன். தள்ளுங்க, கடிச்சா கடிக்கட்டும்!"

கனிகா தடுப்பதற்குள் மண்டியிட்டு விரிப்பைத் தூக்கிவிட்டாள்.

ஒரு தகரப்பெட்டி, அரிசி டின், தூசி படிந்த ஆர்மோனியம். அவற்றுக்கு நடுவே ஒரு காலிக் கிண்ணம். கிண்ணத்துக்குள் சுருட்டி வைத்த கழுத்துப்பட்டை. வேறு ஒன்றும் இல்லை.

"துர்கையக் கரைக்க எடுத்துட்டுப் போனாங்களே, அன்னிக்கு ராத்திரி," என்றார் ஹிமாங்ஷு பாபு. "வாசல்லயே வெச்சாங்கம்மா வெடிய. பயத்துலயே அவன் உயிர் போயிடுச்சு."

"அப்போ, கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது? போன் வந்தாத்தான் சாப்பிடறதுன்னு சொன்னது?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் மகனின் சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

பர்ணா விரிப்பை மெல்லக் கீழே விட்டாள். "இதை எத்தனை நாளைக்கு மாஷிமா மறைக்க முடியும்? அவர்கிட்ட உண்மையச் சொல்லிடலாம்."

கனிகா அவள் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போம்பல் இல்லேன்னு தெரிஞ்சா, அவன் இங்க யாருக்கும்மா போன் பண்ணுவான்?"