எந்த ரெண்டைப் போடறது?

"ஒரே ஒரு ஆட்டம் அந்தம்மாவுக்கு விட்டுக்கொடுத்தா உங்களுக்கு என்ன குறைஞ்சிடும், ஐயா?"

நர்ஸ் மெதுவாகத்தான் கேட்டாள். ஆனாலும் குரலில் சூடு இருந்தது.

லாரிக்காரர் கையில் இருந்த ஆறு சீட்டையும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டயாலிசிஸ் வார்டு. திங்கள், புதன், வெள்ளி. ஒரு கையில் ஊசியோடு நாலு மணி நேரம் படுத்துக் கிடக்க வேண்டும். லாரி ஓட்டி ஓய்ந்துபோன அவருக்கும், முப்பது வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்த அந்தம்மாவுக்கும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. நடுவில் ஒரு மேஜையை இழுத்துப் போட்டு கிரிபேஜ் என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள்.

ஆளுக்கு ஆறு சீட்டு. நாலை வைத்துக்கொண்டு ரெண்டைக் கவிழ்த்துப் போட வேண்டும். இருவரும் கவிழ்த்த நாலும் சேர்ந்ததுதான் பெட்டி. பெட்டியில் வரும் புள்ளி, அந்தச் சுற்றில் சீட்டுக் கலைத்தவருக்கு. அந்தம்மா கலைத்தால், இவர் கழித்துக் கட்டுகிற ரெண்டும் அந்தம்மாவுக்கே போய்ச் சேரும்.

அங்கேதான் லாரிக்காரரின் கஞ்சத்தனம். பெட்டியில் அஞ்சாம் நம்பர் சீட்டுகள் சேர்ந்தால் புள்ளி கொட்டும். மூன்று மாதத்தில் ஒரு அஞ்சைக்கூட அவர் அந்தப் பக்கம் விட்டதில்லை. எந்த ரெண்டைப் போடுவது என்று பத்து நிமிஷம் யோசிப்பார். ஒரு ஆட்டம்கூடத் தோற்றதில்லை.

அந்தம்மா ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே, "சரி, புதன்கிழமை பாத்துக்கலாம் டிரைவர் சார்" என்று எழுந்து போவார்.

நர்ஸுக்குப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தது. அந்தம்மா தனிக்கட்டை. துணைக்கு வர ஒரு நாதியில்லை. அந்த மனுஷியை ஜெயித்து இவர் எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகிறார்?

அன்று வெள்ளிக்கிழமை. லாரிக்காரருக்கு எட்டுப் புள்ளி வந்தால் ஆட்டம் முடிந்தது. அந்தம்மாவுக்கு இன்னும் இருபது வேண்டும். கலைத்தது அந்தம்மா.

லாரிக்காரரின் ஊசி இல்லாத கையில் நர்ஸ் பிரஷர் பட்டையைச் சுற்றினாள்.

"கையை ஆட்டாதீங்க. சீட்டை நான் பிடிச்சுக்கறேன். எதைப் போடணும், சொல்லுங்க."

அவர் யோசித்தார். ரெண்டு அஞ்சு, ஜாக்கி, ராணி, ஒரு ஒன்பது, ஒரு ரெண்டு.

"அந்தக் கடைசி ரெண்டு சீட்டும்" என்று மோவாயால் காட்டினார்.

நர்ஸ் ரெண்டு அஞ்சையும் உருவிக் கவிழ்த்து வைத்தாள்.

அந்தம்மாவும் அதன் மேலேயே தன் ரெண்டைப் போட்டார். போட்டது போட்டதுதான், திருப்பி எடுக்கக் கூடாது.

மீதி நாலு சீட்டையும் பார்த்த லாரிக்காரர் நர்ஸை நிமிர்ந்து பார்த்தார்.

அவர் கையில் ஒன்றும் தேறவில்லை. அந்தம்மாவுக்கு ஆறு புள்ளி வந்தது. பெட்டியைத் திறந்தார்கள். மூன்று அஞ்சு, ஒரு ராஜா. பதினாலு புள்ளி. ஆறோடு சேர்த்து இருபது.

அந்தம்மா ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

"ஜெயிச்சுட்டேனா?"

"ஜெயிச்சுட்டீங்கம்மா" என்றாள் நர்ஸ் பெருமையாக.

அந்தம்மா சிரிக்கவில்லை. ஊசியை எடுத்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "வரேன் டிரைவர் சார். உடம்பைப் பாத்துக்குங்க" என்று அவர் கையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார்.

லாரிக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தோக்கறது அவ்வளவு கஷ்டமா இருக்கா, ஐயா?"

"வந்த முதல் நாள் அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா?" அவர் திரும்பாமலே கேட்டார். "'யாருக்காக இந்த ஊசியெல்லாம் குத்திக்கறது? உங்களை ஒரு தடவை ஜெயிச்சுட்டு, இங்க வர்றதை நிறுத்திடப் போறேன்'னாங்க. சொன்னா செய்யற மனுஷி."

நர்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அவங்க வராத திங்கட்கிழமையை என்னால நினைச்சுக்கூடப் பாக்க முடியலை, சிஸ்டர். அதான் அப்படி ஆடினேன்."

நர்ஸ் அடுத்த படுக்கைக்குப் பக்கத்தில் நின்ற சக நர்ஸிடம் கண்ணைக் காட்டிவிட்டுப் படியில் இறங்கி ஓடினாள்.

அந்தம்மா பஸ் ஸ்டாப்பில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே வந்து நின்ற பஸ் அவரை விட்டுவிட்டுக் கிளம்பியது.

"அம்மா, அந்த ரெண்டு அஞ்சும் ஐயா போட்டதில்லை. நான்தான் மாத்தி வெச்சேன். தப்புதான், மன்னிச்சுடுங்க. இந்த ஆட்டம் செல்லாது."

அந்தம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிஜமாவா? செல்லாதா?"

"செல்லாதும்மா."

"அப்பாடா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னைக்கோ விரக்தியில வாயை விட்டுட்டேன். இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மறுபடி வர்றதுன்னுதான் உக்காந்திருந்தேன். ஊருக்கெல்லாம் தபால் குடுத்த என்னை, வாரத்துக்கு மூணு நாள் எதிர்பாத்துக்கிட்டு இருக்கறது அவர் ஒருத்தர்தானே?"

நர்ஸ் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு மாசமா நான் பாத்துப் பாத்துத் தோத்துக்கிட்டு வர்றேன், சிஸ்டர். இன்னைக்கும் என் கையில இருந்த சீட்டைக் கெடுத்துக்கத்தான் அந்த அஞ்சைத் தூக்கிப் போட்டேன். அவர்தான் அஞ்சே போட மாட்டாரே, அங்க இன்னும் ரெண்டு அஞ்சு உக்காந்திருக்கும்னு நான் என்னத்தைக் கண்டேன்?"