வேதசிரோமணி சார் போட்ட ரூல்

அஸ்தினாபுரத்தில் அந்தத் தெருவுக்குள் போர்வெல் லாரி நுழைந்ததுதான் தாமதம், வேதசிரோமணி பாதிக் காபியை வைத்துவிட்டு வெளியே ஓடி வந்தார்.

ஓய்வுபெற்ற பேராசிரியர். தெரு நலச் சங்கத் தலைவர். அணு ஆயுத ஒப்பந்தம் என்று பேச்சு வந்தால் டிவிக்காரர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

லாரி எதிர் வீட்டு சந்திரிகாவின் வாசலில் நின்றது.

"யாரைக் கேட்டும்மா வண்டிய வரச் சொன்னீங்க?"

"எங்க பழைய போர் வத்திப் போச்சு, சார். புள்ளைங்க குளிக்காம ஸ்கூலுக்குப் போகுதுங்க."

"அதுக்காக? இனிமே யாரும் புதுசா ஆழ போர் போடக் கூடாதுன்னு சங்கத்துல முடிவு பண்ணோமே. நீங்களும்தானே கை தூக்கினீங்க? ஆளாளுக்குத் துளை போட்டா, நாளைக்கு ஒருத்தருக்கும் தண்ணி இருக்காது."

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தலையாட்டினார்கள். நியாயம்தானே!

லாரிக்கார சிட்டிபாபு பொறுமை இழந்தார். "எறக்கவா, வேணாமா சார்? டைமாவுது."

"வேணாம். வண்டிய எடுப்பா."

"ஏற்கெனவே ஆழ போர் வச்சிருக்கறவங்க, இல்லாத வீட்டுக்குத் தண்ணி குடுக்கணும்னும் அன்னிக்கு முடிவாச்சே, சார்" என்றாள் சந்திரிகா தயங்கியபடி. "டியூப் எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தப்பல்லாம், மோட்டார் ரிப்பேர்னு உங்க வீட்டு மேடம் சொல்லிட்டாங்க."

"அது வேற விஷயம். ரூல்னா ரூல்."

அந்த நேரம் பார்த்து அவர் வீட்டு மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, தண்ணீர் சுவரோரமாகக் கொட்டியது. மனைவி தபீதாள் அவசரமாக உள்ளே போய் மோட்டாரை நிறுத்தினார்.

சந்திரிகா அதைக் குத்திக் காட்டவில்லை.

"கோவிச்சுக்காதீங்க, சார். நேத்து டிவியில நீங்க பேசினதைக் கேட்டுட்டுதான் வண்டிக்குச் சொன்னேன்."

"நான் என்ன பேசினேன்?"

"அணுகுண்டு வச்சிருக்கற வல்லரசுங்க, மத்தவங்க யாரும் செய்யக் கூடாதுன்னு ஒப்பந்தம் போட்டாங்க. தங்களோடதையும் குறைச்சுக்கறோம்னு அதுலயே வாக்கு குடுத்தாங்க. அதை மட்டும் வசதியா மறந்துட்டாங்கன்னு சொன்னீங்களே…"

வேதசிரோமணி ஈரமான சுவரை மறைப்பதுபோல் நகர்ந்து நின்றார்.

"எனக்கு அந்த உலக விஷயமெல்லாம் புரியாது, சார். யார் மனசும் நோகாம நம்ம தெருவைப் பத்திதான் பேசறீங்கன்னு நெனச்சேன். நீங்களாவது எங்க பக்கம் இருக்கீங்களேன்னு அழுதே போயிட்டேன்."