இடப்பக்கக் கண்ணாடி

"உங்க கம்பெனி மத்தாப்புப் பெட்டி லேபிள்ல படமா இருக்கே, அந்தக் காரை வாங்கணும் அண்ணாச்சி" என்று விருதுநகரிலிருந்து வந்து நின்றார் நூகு.

ஆலை முதலாளி தனுஷ்கோடிக்கு உச்சி குளிர்ந்துபோனது. மகன் சூர்யபிரகாஷைக் கூப்பிட்டு, பட்டாசு ஆலை ஷெட்டில் எட்டு வருஷமாகக் கிடந்த காரின் தார்ப்பாயை விலக்கச் சொன்னார்.

"எழுபத்திரண்டாம் வருஷத்து டாட்சன். அசல் ஜப்பான் வண்டி!"

"அசல்னா பக்கக் கண்ணாடி கதவுல இருக்காது, முன் மட்கார்டு மேல இருக்கும்னாக" என்றபடி நூகு காரைச் சுற்றி வந்தார். "இடப்பக்கம் ஒடஞ்ச காம்பு மட்டுந்தான் நிக்குது?"

"இவன் புளியமரத்துல உரசிட்டான். அதுக்குப் பெறகு வண்டியவே தொட மாட்டேன்னுட்டான். அந்தக் கண்ணாடி எங்க தேடியும் கெடைக்கலை."

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு."

"நெசமாவா! எங்கன வாங்குனீக?"

நூகு பையிலிருந்து எடுத்த கண்ணாடியைக் காம்பின் மேல் வைத்தார். உடைசலோடு உடைசல் அச்சாகப் பொருந்தியது.

"வாங்கலை அண்ணாச்சி. ஆனைக்குட்டம் ரோட்டுல அடிபட்டுச் செத்துக் கெடந்த எம் மக பக்கத்துலருந்து எடுத்தேன். எட்டு வருஷமாச்சு."

தனுஷ்கோடி மெல்ல மகன் பக்கம் திரும்பினார்.

"ஏலே... புளியமரம்னுல்லா சொன்னே?"