இரண்டு கம்பிக் கணக்கு

“பொண்ணு பேரு என்னங்க?” என்று மாப்பிள்ளை மாயாண்டி கேட்டதும் கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்தவனுக்குப் பெயர்கூடத் தெரியவில்லை!

“ஜெயலெட்சுமி” என்றார் ஹட்டன் கடைக்காரர் சிதம்பரநாதன், தேத்தண்ணித் தட்டோடு நின்ற மகளைக் காட்டி.

மாயாண்டியின் தகப்பனார், லிந்துலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி பழனியாண்டி, சிரிக்கவில்லை. கோட்டின் மேல்பொத்தானைக்கூடக் கழற்றாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் பார்த்து முடிக்காத கல்யாணம் அவர் குடும்பத்தில் நடந்ததில்லை. வரப்போகும் மருமகளைப் பாடச் சொல்லும் வழக்கமும் இல்லை, கணக்குத்தான் கேட்பார்கள்.

மகனுக்கு நோட்டன் பிரிட்ஜில் புது மின் நிலையத்தில் வேலை. வீட்டுக்கு வந்தால் அவன் வாய்விட்டுப் போடும் கணக்கு ஒன்றின் கேள்வி மட்டும் அவருக்கும் மனப்பாடம். அதையே கேட்டார்.

“லைன் ரெண்டாப் பிரியுது, பாப்பா. ஒரு கம்பியில மூணு அம்பியர் கரண்டு, மத்ததுல நாலு. பெரிய லைன்ல எவ்வளவு?”

“அஞ்சுங்க, மாமா.”

சிதம்பரநாதன் தலையில் கை வைத்தார். “ஏழும்மா, ஏழு! கடைக்காரன் மகளா நீ?”

பழனியாண்டி கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். “கூட்டத் தெரியாத பொண்ணு நம்ம குடும்பத்துக்கு ஒத்து வராது. வாடா போவோம்.”

மாயாண்டி பதறிப்போய் வழியை மறித்தான். “அஞ்சு சரிதாங்கப்பா! ஒரு கம்பியில ஹீட்டர், மத்ததுல கம்பிச் சுருள். சுருள்ல கரண்டு கால் சுத்து பின்தங்கித்தான் வரும், நேராக் கூட்டக்கூடாது. கிழக்கே மூணு மைல், வடக்கே நாலு மைல் நடந்தா, பொறப்பட்ட எடத்துல இருந்து நேரா அஞ்சு மைல்தானே? கிழக்கையும் வடக்கையும் தனித்தனியா எழுதிக் கூட்டுறதுக்குத்தான் சிக்கலெண்ணுன்னு ஒரு கணக்கு வச்சிருக்கோம்.”

“ரெண்டுலயும் ஹீட்டரா இருந்தா?”

“அப்ப ஏழுதாங்கப்பா.”

பழனியாண்டி மெதுவாக உட்கார்ந்தார். சிதம்பரநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெரிய கங்காணி தேத்தண்ணியை வாங்கி ஒரு வாய் குடித்தார். மகனைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். அவள் தட்டைவிட்டுக் கண் எடுக்கவில்லை.

“நான் கம்பின்னு மட்டுந்தானே சொன்னேன்? ஒண்ணுல சுருள் இருக்குன்னு இந்தப் புள்ளைக்கு யாரு சொன்னா?”

மாயாண்டி மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான்.

“எத்தன நாளாடா பழக்கம்?”