பூட்டிய திரையில் ஒரு வரி

"கை விளங்காமப் போக!" என்று விடிந்ததிலிருந்து திட்டிக்கொண்டிருந்தார் ஜெயக்குமார்.

முந்தின நாள் சாயங்காலம், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறுகிற நெரிசலில், சட்டைப் பையிலிருந்த போனை எவனோ உருவிவிட்டான். வீட்டுத் தரகருக்கு போன்தான் கடை, போன்தான் முதல். பார்ட்டிகளின் நம்பர், வீடுகளின் படம் எல்லாமே அதற்குள். "இன்னொரு இடத்துலயும் சேமிச்சு வைங்கப்பா" என்று மகன் இளவரசன் படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காத மனுஷர்.

ஒரு நல்ல காரியம் மட்டும் மகனே உட்கார்ந்து செய்து கொடுத்திருந்தான். ரகசிய எண் போடாமல் அந்த போனைத் திறக்கவும் முடியாது, அணைக்கவும் முடியாது. தொலைந்தால் எங்கே இருக்கிறது என்று மேப்பில் ஒரு புள்ளி காட்டும்.

போலீஸ் ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டு, "முதல்ல சிம்மை பிளாக் பண்ணுங்க சார். போனையும் முடக்கிடலாம். அப்புறம் எவன் கையிலயும் அது வேலை செய்யாது" என்றார்கள்.

"முடக்கிட்டா எனக்கு எப்படிங்க திரும்பி வரும்?" என்று சிம்மைக்கூட பிளாக் பண்ணாமல் எழுந்து வந்துவிட்டார்.

மன்னார்புரத்து வீட்டில், மனைவி பிரேமலதாவின் போனை வைத்துக்கொண்டு அந்தப் புள்ளியையே பார்த்தார். பாலக்கரைச் சந்து ஒன்றில் அது ஆணி அடித்தது போல நின்றது. திருட்டுப்போன போனின் பூட்டிய திரையில் தெரிகிற மாதிரி செய்தி அனுப்பலாம். 'போலீஸ் வருகிறது' என்று அனுப்பினார். அசையவில்லை. 'பணம் தருகிறேன்' என்று அனுப்பினார். அதற்கும் அசையவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. போனைத் தொட்டாலே திரையில் இளவரசனின் படம்தான் வரும். பட்டம் வாங்கிய அன்று எடுத்தது. அதற்கு மேலே தெரியும்படி தட்டினார்.

'படத்தில் இருப்பது என் மகன். இறந்துவிட்டான். அவன் குரல் இந்த போனில் மட்டும்தான் இருக்கிறது. தயவுசெய்து கொடுத்துவிடுங்கள்.' கீழே பிரேமலதாவின் நம்பர்.

எட்டிப் பார்த்த பிரேமலதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னங்க இது? அமாவாசையும் அதுவுமா, ஓசூர்ல வேலை பார்த்துக்கிட்டு நல்லா இருக்குற பிள்ளையைப் போய்..."

"ஒரு வரி எழுதினா ஆளு செத்துடுவானா? திருடனுக்கு மனசு இளகணும்ல. நீ போய் காபி போடு."

காபி வருவதற்குள் புள்ளி நகர்ந்தது.

"பார்த்தியா!" என்று துள்ளினார். புள்ளி சத்திரத்தைத் தாண்டியது. காவிரிப் பாலத்தில் ஏறியது. மாம்பழச்சாலையில் திரும்பி, ஆற்றங்கரையோரம் போய் நின்றுவிட்டது. அம்மா மண்டபம் படித்துறை.

செத்தவர்களுக்குக் காரியம் செய்கிற இடத்தில் என் போனுக்கு என்ன வேலை என்று நினைத்தவர், பிரேமலதாவின் முகத்தைப் பார்த்தார்.

பிரேமலதா போனைப் பிடுங்கி மகனுக்கு அடித்தாள். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

"ஷிஃப்ட்ல இருப்பான். உள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்கல்ல?"

"இன்னைக்கு அவனுக்கு லீவுங்க" என்றாள். அப்படியே செருப்பை மாட்டினாள்.

ஆட்டோவில் வழியெல்லாம் அடித்துக்கொண்டே வந்தாள். ஜெயக்குமார் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நல்ல வெயில். அவருக்குக் கை மட்டும் சில்லென்று இருந்தது.

படித்துறை முழுக்க எள்ளும் ஈரத் துணியுமாகக் கூட்டம். ஜெயக்குமார் மனைவியின் போனை வாங்கி, தொலைந்த போனை ஒலிக்கச் செய்யும் பொத்தானை அழுத்தினார். கீழே எங்கேயோ அது அலறியது. அதே நேரத்தில் பிரேமலதாவின் போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனது.

சத்தம் வந்த திக்கில் இருவரும் இறங்கினார்கள். தண்ணீரை ஒட்டிய படியில், தர்ப்பைக்கும் எள்ளுக்கும் பக்கத்தில், போன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. திரையில் இளவரசன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் நெற்றியில் ஈரத் துளசி ஒட்டியிருந்தது.

பிரேமலதா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆற்றிலிருந்து ஒருவர் சொட்டச் சொட்ட ஏறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். போனைத் தேடி வந்தவர்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"நான்தாங்க எடுத்தேன். அடிக்கிறதுன்னா அடிங்க. அந்த வரியைப் படிச்சதும் போனைக் கவுத்துப் போட்டேன். அப்பவும் தம்பி என்னையே பாக்குற மாதிரி இருந்துச்சு. பிள்ளையைப் பறிகொடுத்தவங்க வயித்துல அடிச்சுட்டேனேன்னு உசுரே நடுங்கிப்போச்சுங்க. ஐயர் பேரு கேட்டாரு, எனக்குத் தெரியல. படத்தைத்தான் காட்டினேன். இப்பத்தான் தம்பிக்குப் பிண்டம் கரைச்சேன். முடிச்சுட்டு உங்களுக்குப் பேசலாம்னு இருந்தேன்."

ஜெயக்குமார் படத்திலிருந்த துளசியை எடுத்துவிடக் குனிந்தார்.

அப்போது, அலறி ஓய்ந்திருந்த போன் அடித்தது. திரையில் அதே முகம், வேறு சட்டையில். 'மகன் இளவரசன்' என்று பெயர்.

அந்த ஆள் இரண்டு படி பின்வாங்கினார். பிரேமலதா பாய்ந்து எடுத்தாள்.

"அப்பா, அம்மாகிட்டேருந்து இத்தனை மிஸ்டு கால் வந்திருக்கு. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு நல்லாத் தூங்கிட்டேன். இப்ப அம்மா நம்பருக்குப் போகவே மாட்டேங்குது. வீட்ல என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமே இல்ல" என்று அவள் போனைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு கதறினாள்.

"தம்பி உசுரோட இருக்காரா? ரெங்கநாதா!" அந்த ஆள் கோயில் கோபுரம் இருந்த பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

கூப்பிய கை மெல்ல இறங்கியது. ஜெயக்குமாரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் போனைத்தான் சார் எடுத்தேன்."