முன்சக்கரங்கள்

“இன்னும் ஒருத்தர் ஏறலாம்! வாடா வைத்தி, ஜல்தி!”

டிராக்டரின் முன்பக்கத்தில் குதிரைச் சவாரிபோல் உட்கார்ந்துகொண்டு பக்கத்து வீட்டு ராஜகோபாலன் மாமா கூப்பிட்டார். புழுதிப்புயலில் விழுந்த வேப்பமரத்தை இழுக்கப் பக்கத்து முனிர்காவிலிருந்து வந்த டிராக்டர் அது. டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்க வேடிக்கை பார்க்கத் திரண்டிருந்தது.

டிரைவர் தரம்சிங் சங்கிலியை டிராக்டரின் பின்பக்கம் ரொம்ப உயரத்தில் மாட்டிவிட்டார். இழுத்தபோது மரம் அசையவில்லை. முன்சக்கரங்கள்தான் தரையை விட்டு எழும்பின. அப்படியே பின்னால் கவிழ்ந்தால் அவர் அடியில் நசுங்கிப்போவார். அதனால்தான் முன்னால் பாரத்துக்கு ஆள் தேவைப்பட்டது.

என் அண்ணா வைத்தி தாவி ஏறினான். நாங்கள் கைதட்டினோம்.

“ஏன்னா, ஆபீஸ் பேன்ட்டு!” என்று மன்னி கத்தினாள்.

“கிழிஞ்சா சரோஜினி நகர்ல வாங்கிக்கலாம், ருக்கு!”

தரம்சிங் மறுபடி இழுத்தார். சக்கரங்கள் அண்ணாவையும் மாமாவையும் சேர்த்துத் தூக்கின. மன்னி அலறியதும் எஞ்சினை நிறுத்தினார். சங்கிலி தளர்ந்து தரையில் தொய்ந்தது. நானே ஓடிப்போய் அதைக் கழற்றிவிட்டேன்.

முன்சக்கரங்கள் இறங்கவில்லை. அங்குலம் அங்குலமாக இன்னும் உயர்ந்துகொண்டிருந்தன. அண்ணா சிரிப்பதை நிறுத்திவிட்டு, முன்விளக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

டிராக்டருக்குப் பின்னால் மரமும் நானும்தான் இருந்தோம்.

தரம்சிங் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி, மிகவும் பணிவாக இந்தியில் என்னிடம் கேட்டார்:

“பெஹன்ஜி, என் முதுகுக்குப் பின்னால உட்கார்ந்திருக்கிறவரைக் கொஞ்சம் இறங்கச் சொல்லுங்களேன்.”