எண்பதாம் பக்கம்

1934. தெல்லிப்பழைக்குப் பக்கத்து ஊர் வாசிகசாலையில், அங்கத்தவர்கள் தாங்கள் வாசித்த புத்தகங்களைப் பற்றிச் சொல்லும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

"இந்த நாவலைக் கட்டாயம் வாசியுங்கோ. முடிவிலை நான் அழுதிட்டன்," என்றார் பஞ்சலிங்கம்.

அருளம்பலம் பாய்ந்தெழுந்தார். "அழுதனீரோ? எண்பதாம் பக்கத்திலை சைவத்தைப் பழிச்சுக் கிடக்கு! புத்தகத்தைக் கொளுத்துங்கோ, உவரையும் வாசிகசாலையிலை இருந்து நீக்குங்கோ!"

"அந்தப் பக்கத்தை நானும் வாசிச்சனான். பொய் சொல்லாதையும்!" என்றார் பஞ்சலிங்கம்.

இருவரும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

"பொறுங்கோ, நானே வாசிச்சுச் சொல்லுறன்," என்று தலைவர் நாவலைப் பறித்துப் புரட்டினார். முகம் மாறியது.

"ஆரிட்டையாவது கத்தி இருக்கோ?"

சபை திடுக்கிட்டது. "கத்தி என்னத்துக்கு ஐயா?"

"எண்பதாம் பக்கத்தை வெட்டித் திறக்க. அச்சுக்கூடத்திலை மடிச்ச தாள் ஓரம் வெட்டாமல் மூடினபடியே கிடக்கு. இன்னும் ஒருத்தரும் திறக்கேல்லை."